கையிருப்பு இல்லாத தள்ளுபடி

ஆடித் தள்ளுபடிக்கு ஒரு காரணம் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டுப்புடவை விற்காது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் அலமாரிகளைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே ஜவுளிக்கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். தேங்கிய சரக்கு, அதை வைத்துக் காப்பாற்றும் செலவு, அதில் முடங்கிக் கிடக்கும் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்தத் தள்ளுபடி.

ஆடி பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூன் கடைசியில், கணினி விளையாட்டுகளை விற்கும் உலகின் மிகப் பெரிய இணையக் கடையான ஸ்டீம் ஒரு தள்ளுபடியை அறிவிக்கும். அதற்குப் பெயர் கோடைத் தள்ளுபடி. நான் வசிக்கும் மெல்பர்னில் அப்போது நடுக்குளிர். கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் அந்தக் கோடையை வரவேற்போம். 60 டாலர் விளையாட்டு 15 டாலருக்கு வரும். 20 டாலர் விளையாட்டு 2 டாலருக்கு வரும். ஆனால் இந்தக் கடையில் அலமாரி இல்லை, கிடங்கு இல்லை. தேங்கிய சரக்கு என்று ஒரு பெட்டிகூட இல்லை. எத்தனை லட்சம் பிரதிகள் விற்றாலும் கடையில் ஒன்றும் குறையாது. அப்படியானால் அங்கே எதைத் தள்ளிவிடுகிறார்கள்?

நிறுவனங்களின் மென்பொருள் உரிமங்களைச் சரிபார்ப்பது என் தொழிலில் ஒரு பகுதி. எல்லோரும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் போகும் ஒப்பந்தங்களைப் படிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இந்தத் தள்ளுபடிகளின் வரலாற்றை அந்தப் பழக்கத்தோடு பார்க்கும்போது, விலையின் கதையாகத் தொடங்குவது சொத்துரிமையின் கதையாக முடிவது தெரிகிறது.

*

கதை கணினிக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1904இல் அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டது. பதிப்புரிமை அறிவிப்புக்குக் கீழே ஒரு வாசகத்தையும் அச்சிட்டது: விலை ஒரு டாலர், அதற்குக் குறைவாக விற்க எந்தக் கடைக்காரருக்கும் உரிமம் இல்லை, மீறி விற்றால் அது பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும். நியூயார்க்கின் புகழ்பெற்ற பேரங்காடியான மேசீஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. புத்தகத்தை மொத்தமாக வாங்கி 89 சென்ட்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குப் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் மேசீஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மீது பதிப்பாளருக்கு இருந்த பிடி முடிந்துவிடுகிறது. வாங்கியவர் அதை எந்த விலைக்கும் விற்கலாம், இரவல் தரலாம், உயிலில் எழுதி வைக்கலாம்.

சட்ட உலகம் இதை 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்கிறது. பழைய புத்தகக் கடைகளும் வாடகை வீடியோக் கடைகளும் இதன் நிழலில்தான் வாழ்ந்தன. அது பிறந்ததே ஒரு தள்ளுபடித் தகராறில்தான். விலையைக் குறைத்து விற்கும் உரிமையும் பொருளைச் சொந்தமாக வைத்திருக்கும் உரிமையும் அன்று ஒரே வழக்கில், ஒரே தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டன.

வீடியோ விளையாட்டுகளுக்கும் இதே விதி பொருந்தியது. கார்ட்ரிட்ஜ் காலத்திலும் சிடி காலத்திலும் ஒரு விளையாட்டின் விலையைக் கீழே இழுத்தது தயாரிப்பாளரின் தாராள மனம் அல்ல. முடித்தவர் அதைக் கடையில் திருப்பி விற்றார். கடைக்காரர் அதைப் புதியதற்குப் பக்கத்திலேயே பாதி விலைக்கு வைத்தார். புதியது தன் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மேற்படிப்புக்காக நான் ஆஸ்திரேலியா வந்த புதிதில் இங்குள்ள விளையாட்டுக் கடைகளில் பழைய பிரதிகளுக்கென்றே தனிச் சுவர் இருக்கும். மாணவர்கள் அந்தச் சுவரை விட்டு நகர்வதில்லை.

*

வால்வ் நிறுவனத்தை 1996இல் தொடங்கிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்தவர்கள். 1998இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. இணையத்தில் ஆடப்படும் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' போன்ற விளையாட்டுகளில் ஒரு தொல்லை இருந்தது. பிழை திருத்தம் ஒன்றை வெளியிட்டால் சிலர் அதை நிறுவுவார்கள், பலர் நிறுவமாட்டார்கள். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றோடொன்று பேசாது. எல்லோருடைய கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கச் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். அதற்காக 2003 செப்டம்பர் 12 அன்று வெளியானதுதான் ஸ்டீம். அன்று அதைக் கடை என்று யாரும் நினைக்கவில்லை. கணினியைத் தாமதப்படுத்தும் வேண்டாத விருந்தாளி என்றே பெரும்பாலான ஆட்டக்காரர்கள் நினைத்தார்கள்.

2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வந்தபோது நிலைமை மாறியது. கடையில் காசு கொடுத்துப் பெட்டியாக வாங்கினாலும், இணையத்தில் இணைந்து ஸ்டீம் கணக்கில் பதிவு செய்தால்தான் விளையாட்டு திறக்கும். பதிவு செய்த பிறகு அந்தப் பெட்டியை இன்னொருவருக்கு விற்றுப் பயனில்லை. சாவி உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிடும். வெளியான அன்று சேவையகங்கள் நெரிசலில் திணற, கையில் சிடியோடு பலர் காத்திருந்தார்கள். பொருள் அவர்கள் கையில் இருந்தது. அனுமதி வேறொரு கண்டத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

பழைய பிரதிகளின் சுவர் இடிந்து விழத் தொடங்கியது அந்த நாளில்தான். ஆனால் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக நினைவில்லை. எங்கள் பேச்செல்லாம் விளையாட்டு எவ்வளவு அருமை என்பது பற்றித்தான். உண்மையிலேயே அது அருமையான விளையாட்டு.

*

2005 இறுதியில் 'ராக் டால் குங் ஃபூ', 'டார்வினியா' என வெளியாரின் விளையாட்டுகளும் ஸ்டீமில் விற்பனைக்கு வந்தன. மென்பொருள் கடையாக மாறியது. கடை என்றால் விலை வேண்டும். எந்த விலை சரி என்று வால்வ் பரிசோதிக்கத் தொடங்கியது.

அந்தப் பரிசோதனையின் முடிவை 2009 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்த டைஸ் மாநாட்டில் நியூவெல் வெளியிட்டார். அதற்கு முந்தைய விடுமுறைக் காலத் தள்ளுபடியின் கணக்கு அது. 10% தள்ளுபடி கொடுத்தபோது விற்பனை 35% உயர்ந்தது. 25% கொடுத்தபோது 245%. பாதி விலைக்குக் கொடுத்தபோது 320%. முக்கால்வாசி குறைத்தபோது 1470%. இவை பிரதிகளின் எண்ணிக்கை அல்ல, டாலர் வருமானம். மூன்று மாதமே ஆகியிருந்த தங்கள் 'லெஃப்ட் 4 டெட்' விளையாட்டை ஒரு வார இறுதியில் பாதி விலைக்குக் கொடுத்ததில் விற்பனை 3000% உயர்ந்ததாகவும் சொன்னார்.

கடைசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருமானம் 1470% உயர்ந்தது என்றால் கிட்டத்தட்ட பதினாறு மடங்கு ஆகியிருக்கிறது. விலையோ கால்வாசி. அப்படியானால் வாங்கியவர்களின் எண்ணிக்கை அறுபது மடங்குக்கு மேல் பெருகியிருக்க வேண்டும். ஓர் இட்லிக் கடையால் இதைச் செய்ய முடியாது. அறுபது மடங்கு இட்லிக்கு அறுபது மடங்கு மாவு வேண்டும். விளையாட்டின் அடுத்த பிரதிக்கு மாவே தேவையில்லை. அன்றிலிருந்து தள்ளுபடி என்பது தோல்வியடைந்த சரக்கின் கடைசிப் புகலிடம் என்ற நிலை மாறி, வியாபாரத்தின் நடுத்தூணாகிவிட்டது.

பொருளியலாளர்களுக்கு இது முழுக்கப் புதிதல்ல. எளிதில் அழியாத ஒரு பொருளை ஒரே ஒருவர் மட்டும் விற்றால் என்ன நடக்கும் என்று ரொனால்ட் கோஸ் 1972இலேயே எழுதினார். நாளை விலை இறங்கும் என்று வாங்குபவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அவர்கள் இன்று வாங்கமாட்டார்கள். ஆகவே ஏகபோக வியாபாரியும் விலையைப் பிடித்து நிறுத்த முடியாது என்பது அவர் வாதம். டிஜிட்டல் கடைகள் இந்தப் பலவீனத்தையே பலமாக மாற்றிக்கொண்டன. பொறுமை இல்லாதவரிடம் முதல் நாளே முழு விலை. கொஞ்சம் பொறுப்பவரிடம் பாதி. இரண்டு வருடம் பொறுப்பவரிடம் கால்வாசி. ஒரே பொருளை, ஒவ்வொருவருடைய பொறுமையையும் அளந்து பல விலைக்கு விற்பதற்கு நாள்காட்டிதான் தராசு.

*

2010 முதல் 2014 வரையான ஆண்டுகளைப் பலர் தள்ளுபடியின் பொற்காலம் என்கிறார்கள். கோடையிலும் டிசம்பரிலும் தினம் ஒரு தள்ளுபடி, சில மணி நேரமே நீடிக்கும் மின்னல் தள்ளுபடி, எந்த விளையாட்டு மலிய வேண்டும் என்று வாக்கெடுப்பு, சேகரித்து விற்கப் பட அட்டைகள் எனக் கடை திருவிழாவாகியது. 2010 மே மாதம் வந்த 'ஹம்பிள் இன்டி பண்டில்' இன்னும் ஒரு படி மேலே போனது: விளையாட்டுகளின் கட்டு ஒன்றுக்கு விருப்பப்பட்ட தொகையைக் கொடுங்கள், அதில் தர்மத்துக்கு எவ்வளவு என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள் என்றது. 12 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

திருவிழாவில் வாங்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து யார் பிரிக்கிறார்கள்? 2014 ஏப்ரலில் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ், ஸ்டீமின் பொதுப் பக்கங்களில் தெரியும் தகவல்களை மாதிரி எடுத்து ஆராய்ந்தது. கணக்குகளில் பதிவான விளையாட்டுகளில் சுமார் 37% ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று கண்டது. வாங்கி வைத்த புத்தகங்களைப் படிக்காத சமூகத்தில் பிறந்தவன் நான். இந்த எண் என்னை அதிர வைக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. படிக்காத புத்தகத்தை மகள் படிக்கலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம், எடைக்காவது போடலாம். திறக்காத விளையாட்டுக்கு அந்தக் கதி கூட இல்லை.

எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஆரிஜின் கடைக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் டிமார்ட்டினி, இப்படி 75% குறைப்பது படைப்பின் மதிப்பையே மலிவாக்குகிறது என்று 2012இல் சொன்னார். பின்னாளில் அவர்கள் கடையிலும் பெரும் தள்ளுபடிகள் வந்தன. தனியாக விளையாட்டுகளை உருவாக்கும் ஜேசன் ரோரர் 2014 தொடக்கத்தில் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. முதல் நாள் முழு விலை கொடுத்து வாங்கும் மிக நெருங்கிய ரசிகர்தான் தள்ளுபடியால் தண்டிக்கப்படுகிறார் என்றார் அவர். தன் 'தி காசில் டாக்ட்ரின்' விளையாட்டை முதலில் குறைந்த விலைக்குக் கொடுத்துப் பின்னர் ஏற்றப்போவதாக அறிவித்தார். செக் நாட்டின் வூப் நிறுவனம் தன் 'ஃபாக்டோரியோ'வை ஒருமுறைகூடத் தள்ளுபடியில் விட்டதில்லை. 2018இல் 20 டாலரிலிருந்து 30 ஆக்கியது, 2023இல் பணவீக்கத்தைக் காரணம் காட்டி 35 ஆக்கியது. அப்படியும் அது லட்சக்கணக்கில் விற்கிறது. ஆனால் அது ஃபாக்டோரியோ. பெயர் தெரியாத இருவர் சேர்ந்து மூன்று வருடம் உழைத்து உருவாக்கிய விளையாட்டுக்கு அந்தத் துணிச்சல் கட்டுப்படியாகாது.

அந்தச் சிறியவர்கள் திருவிழாக் கூட்டத்தில் எப்படி நசுங்குவார்கள் என்பதற்கு 2019 கோடைத் தள்ளுபடி ஒரு பாடம். வால்வ் அப்போது கார்ப் பந்தயம் போன்ற ஒரு போட்டி வைத்தது. வெல்லும் அணியில் சிலருக்கு, அவர்களுடைய விருப்பப் பட்டியலின் உச்சியில் இருக்கும் விளையாட்டு இலவசம். விதிகள் குழப்பமாக இருந்தன. விலை உயர்ந்த விளையாட்டு கிடைக்க வேண்டுமென்று பலர் தங்கள் பட்டியலிலிருந்து சிறிய, மலிவான விளையாட்டுகளை நீக்கத் தொடங்கினார்கள். ஒரு சிறு தயாரிப்பாளருக்கு விருப்பப் பட்டியல்தான் வருங்கால வருமானம். விலை குறையும்போது வாங்குபவருக்கு மின்னஞ்சல் போவது அதை வைத்துத்தான். மாதக்கணக்கில் சேர்த்தது சில நாட்களில் கரைவதைப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் குரல் கொடுத்தார்கள். வால்வ் மன்னிப்புக் கேட்டு விளக்கம் வெளியிட்டது.

*

பொறுமையை அளந்து விலை வைப்பது ஒரு வழி. ஊரைப் பார்த்து விலை வைப்பது இன்னொரு வழி. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாம் இரண்டு நாணயத்திலும் மனக்கணக்குப் போடுகிறவர்கள்.

தொண்ணூறுகளின் சென்னையில் கணினி விளையாட்டு என்றால் பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கிடைக்கும் கள்ளச் சிடிதான். அசல் பெட்டி எங்கே விற்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதே காலத்தில் வார்சாவிலும் அதுதான் நிலைமை. அங்கே கணினிச் சந்தையில் விளையாட்டு விற்றுக்கொண்டிருந்த மார்சின் இவின்ஸ்கியும் மிகாவ் கிசின்ஸ்கியும் 1994இல் சிடி புரொஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டை முழுக்கப் போலிஷ் மொழியில் மாற்றி, பெட்டிக்குள் வரைபடமும் இசைச் சிடியும் வைத்து விற்றார்கள். கள்ளப் பிரதியில் கிடைக்காததைக் கொடுத்தால் மக்கள் காசு கொடுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. அது பலித்தது. நியூவெல் 2011இல் ரஷ்யாவை வைத்துச் சொன்னதும் அதுவே: திருட்டு என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை, எல்லோரும் திருடுகிறார்கள் என்று கைவிடப்பட்ட ரஷ்யா, ஒழுங்காக மொழிபெயர்த்து நேரத்துக்குக் கொடுத்ததும் பெரும் சந்தையாகிவிட்டது.

2015 நவம்பரில் ஸ்டீம் இந்திய ரூபாயில் விலை வைக்கத் தொடங்கியது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மாணவர் டாலர் அட்டை இல்லாமல், அமெரிக்க விலையைவிட மிகக் குறைவாக, முறைப்படி ஒரு விளையாட்டை வாங்குவது அதன் பிறகுதான் சாதாரணமானது. கள்ளச் சிடியை ஒழித்ததில் காவல்துறையைவிட இந்த ரூபாய்க் குறிக்குப் பங்கு அதிகம் என்பேன். இலங்கைக்கு அந்த வசதி இல்லை. நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகியவற்றோடு 'தெற்காசியா' என்ற ஒரே வட்டாரமாக அது சேர்க்கப்பட்டிருக்கிறது. விலை குறைவுதான், ஆனால் டாலரில்.

ஊருக்கு ஒரு விலை வைத்தால் வேலியும் போட வேண்டும். மலிவான ஊரில் வாங்கி விலை உயர்ந்த ஊரில் விற்பவர் வருவார். அவர்தான் இந்தக் காலத்து மேசீஸ். கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் விற்ற சாவிகள் மற்ற நாடுகளில் வேலை செய்யாதபடி தடுத்ததற்காக, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டு நிறுவனங்களுக்கும் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஒரே சந்தை என்று சொல்லிவிட்டு உள்ளே வேலி போடக் கூடாது என்பது ஆணையத்தின் வாதம். வேலியின் மறுபக்கமும் உண்டு. அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் நாணயம் சரிந்துகொண்டே போனபோது, வெளிநாட்டவர்கள் அந்நாட்டவர்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டு மலிவாக வாங்கினார்கள். 2023 நவம்பர் 20 முதல் அந்த இரு நாடுகளுக்கும் உள்ளூர் நாணய விலை எடுக்கப்பட்டு, டாலர் வட்டார விலை வந்தது. பல விளையாட்டுகளின் விலை ஒரே இரவில் பல மடங்கானது. வேலி தாண்டியவர்கள் வேறு வேலி தேடிப் போனார்கள். புவனோஸ் ஐரிஸில் பெசோவில் சம்பளம் வாங்குகிறவர்தான் அந்த விலையோடு மிஞ்சினார்.

*

இத்தனை ஆண்டுகளில் தள்ளுபடி எவ்வளவு ஆழமானதோ, வாங்கியவரின் மற்ற உரிமைகள் அவ்வளவு ஆழமற்றவையாக இருந்தன. வாங்கிய விளையாட்டு ஓடவில்லையா? சட்டம் கட்டாயப்படுத்தினாலன்றிப் பணம் திருப்பித் தரமாட்டோம் என்பதே ஒப்பந்தத்தின் பேச்சு. அதை மாற்றியதில் நான் வாழும் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு.

2014 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வால்வின் வாதங்கள் மூன்று. நாங்கள் ஆஸ்திரேலியாவில் வியாபாரமே செய்யவில்லை. ஒப்பந்தப்படி வாஷிங்டன் மாநிலச் சட்டம்தான் செல்லும். நாங்கள் விற்பது பொருள் அல்ல, சேவை. நீதிபதி ஜேம்ஸ் எடல்மன் 2016 மார்ச்சில் மூன்றையும் மறுத்தார். இந்நாட்டில் 22 லட்சம் கணக்குகள், இங்கேயே இயங்கும் சேவையகங்கள். இது வியாபாரம் இல்லையென்றால் வேறு என்ன? ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் பொருள் என்ற சொல்லுக்குள் கணினி மென்பொருளும் அடங்கும். கடையில் சரக்கே இல்லை என்ற கடைக்காரரிடம், இதுவும் சரக்குதான் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடு 2017இல் தள்ளுபடியானது. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் அனுமதி மறுத்தது. நீதிமன்றத் தமிழில் 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பது இந்த வழக்கில் ஒரு சின்ன ருசி.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஜூனில், ஸ்டீம் உலகம் முழுமைக்கும் பணம் திருப்பித் தரும் முறையை அறிவித்தது: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் பணம் திரும்ப வரும். அந்த ஆண்டின் இறுதியில் மின்னல் தள்ளுபடிகள் நின்றுபோயின. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பது என் வாசிப்பு. நேற்று பாதி விலைக்கு வாங்கியவர், இன்று கால்விலை என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்குவார். அவசரத்தை வைத்து விற்பது, அவசரத்தைத் திருத்திக்கொள்ளும் உரிமை வந்ததும் செல்லாமல் போகிறது. திருவிழாவின் சுவை குறைந்துவிட்டதாகப் பலர் இன்றும் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பரிமாற்றம் நல்லதாகவே படுகிறது.

*

ஆனால் 1908இன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வாங்கியதை விற்கலாமா?

2012இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், யூஸ்டுசாஃப்ட் என்ற நிறுவனத்துக்கும் ஆரக்கிளுக்கும் இடையிலான வழக்கில், பதிவிறக்கம் செய்த மென்பொருளின் நிரந்தர உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம் என்றது. எங்கள் தொழிலில் அந்தத் தீர்ப்பு பெரிய அலையை எழுப்பியது. நிறுவனங்களின் பழைய உரிமங்களுக்கு ஒரு சந்தையே உருவானது. அதைப் பிடித்துக்கொண்டு பிரான்சின் நுகர்வோர் அமைப்பான யூஎஃப்சி-கே ஷ்வாசிர், ஸ்டீம் விளையாட்டுகளுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று கேட்டது. 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் ஆம் என்றது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது: விளையாட்டு என்பது வெறும் கணினி நிரல் அல்ல, இசையும் ஓவியமும் கதையும் சேர்ந்த படைப்பு, ஆகவே அதற்கு வேறு சட்டம். கணக்குப்பதிவு மென்பொருளை விற்கலாம், அழகான விளையாட்டை விற்கக் கூடாது என்றாகிவிட்டது. சிட்னியில் சரக்காக இருப்பது பாரிஸில் அனுமதிச் சீட்டாக இருக்கிறது.

அனுமதிச் சீட்டு என்றால் என்ன என்பதை 2024 மார்ச் கடைசியில் பலர் புரிந்துகொண்டார்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சேவையகங்களை அணைத்தது. தனியாக ஆடுவதற்கும் சேவையகம் தேவைப்பட்ட விளையாட்டு அது. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன் பிறகு ஆட முடியவில்லை. அதையொட்டி எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையெழுத்துகளுக்கு மேல் சேர்ந்தன. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கும் சட்டம், உரிமத்தை மட்டும் தந்துவிட்டு 'வாங்குங்கள்' என்று எழுதக் கூடாது, எழுதினால் அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டது: நீங்கள் வாங்குவது ஓர் உரிமம். 1904இல் ஒரு நாவலின் முன்பக்கத்தில் அச்சிடப்பட்டு நீதிமன்றத்தில் தோற்ற அந்த வாசகத்தின் பேரப்பிள்ளை இந்த வரி. இம்முறை அது சட்டத்தின் ஆணைப்படியே வந்து நிற்கிறது.

வேறு வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. அதே சிடி புரொஜெக்ட் 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடை, பூட்டு இல்லாத விளையாட்டுகளை விற்கிறது. நிறுவும் கோப்பை உங்கள் வன்வட்டில் இறக்கி வைத்துக்கொண்டால், நாளை கடையே மூடினாலும் அது ஓடும். சட்டப்படி அதுவும் உரிமம்தான். நடைமுறையில் கையில் இருப்பது கையில் இருக்கும். அங்கும் தள்ளுபடி வருகிறது, கடையும் நடக்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு இனி விடை சொல்லலாம். கையிருப்பு இல்லாத கடையில் தள்ளிவிடப்படுவது விளையாட்டு அல்ல. விற்கவும் கொடுக்கவும் விட்டுச்செல்லவும் நமக்கு இருந்த உரிமை. முன்பு விலையைக் குறைத்தது நமக்கு முன்னால் வாங்கியவரின் உரிமை. இன்று குறைப்பது விற்பவரின் விருப்பம். எப்போது, எந்த ஊரில், எத்தனை நாளைக்கு என்பதை அவரே முடிவு செய்கிறார். 75% தள்ளுபடி என்பது அந்த உரிமைக்கு நமக்குக் கிடைத்த விலை. பலருக்கு அது நியாயமான விலையாகவே இருக்கலாம். இரண்டு டாலருக்கு வாங்கிப் பத்து மணி நேரம் மகிழ்ந்தவர் ஏமாந்தவர் அல்ல. ஆனால் பேரம் நடந்தது என்பதாவது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இது விளையாட்டோடு நிற்கும் விஷயமும் அல்ல. தமிழ் மின்னூல்களும் திரைப்படங்களும் பாட்டும் இதே ஒப்பந்தத்தில்தான் கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்கின்றன. ஸ்டீம் ஒப்பந்தத்தின்படி கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. இருபது வருடம் சேர்த்த நூலகம் சேர்த்தவரோடு முடிந்துவிடும். ஊரிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போகிற கடைசித் தலைமுறையாக நாம் இருக்கக்கூடும். இந்த இதழின் அச்சுப் பிரதி உங்கள் கையில் இருந்தால், படித்து முடித்ததும் யாருக்காவது கொடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு கடைக்காரர் 11 சென்ட் குறைத்து விற்று, 1908இல் நமக்கு வாங்கிக் கொடுத்த உரிமை அது.